வளன் என்றொரு பெயர்

(தலைப்பு: பிள்ளைக்குப் பெயர் சூட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது ஓசையா, பொருளா? பெரம்பலூரில் நடந்த பட்டிமன்றத்தில் ‘பொருளே’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ரொம்ப அழகாகப் பேசினார்கள். “பெயர் என்பது கூப்பிடுவதற்குத்தானே? கூப்பிட்டால் காதுக்கு இனிமையாக இருக்கணும். கையிலே அகராதியை வச்சுக்கிட்டா ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடுவாள்?” என்று கேட்டார்கள். அம்மா, கூப்பிடும்போது அகராதி வேண்டாம். வைக்கும்போது வேண்டும்! (கைதட்டல்)

இது சின்ன வெங்காயம் விளைகிற சீமை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதைக் காயைக் கையிலே எடுத்து அழுத்திப் பார்த்து, அழுகலை ஒதுக்கிவிட்டுத்தானே நடுகிறீர்கள்? எழுபது நாளிலே பிடுங்கப்போகிற வெங்காயத்துக்கே இவ்வளவு சோதனை என்றால், எழுபது வருஷம் ஒருவன் சுமக்கப்போகிற பெயரை ஒரு தடவை உரித்துப் பார்க்க வேண்டாமா? (சிரிப்பு, கைதட்டல்)

உரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? இந்த வட்டாரத்திலே தெருவுக்கு ஒரு கலியபெருமாள் உண்டு. பட்டணத்துப் பிள்ளைகள் கேட்டால் சிரிக்கிறார்கள். ‘கலி’ என்றால் துன்பம்தானே, துன்பத்தைப் போய்ப் பெயராக வைப்பார்களா என்கிறார்கள். அரியலூருக்குப் பக்கத்திலே கல்லங்குறிச்சிக்கு வந்து பாருங்கள். அங்கே இருப்பவர் கலியுக வரதராசப் பெருமாள். வரதன் என்றால் வரம் தருபவன். கெட்ட காலத்திலும் கைவிடாமல் வரம் தருகிற பெருமாள் என்பதுதான் அந்தப் பெயர். ஓசையை மட்டும் கேட்டவன் சிரிக்கிறான். பொருள் தெரிந்தவன் கும்பிடுகிறான். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, கலியபெருமாள் ஊரெல்லாம் இருக்கிற பெயர். நான் இன்றைக்கு என் கட்சிக்குச் சாட்சியாகக் கொண்டுவந்திருப்பது அபூர்வமான ஒரு பெயர். இந்த மண்டபத்திலே ஜோசப் என்று சொந்தக்காரரோ நண்பரோ உள்ளவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, எத்தனை கை! சரி, வளன் என்று யாராவது? (அமைதி) ஒரு கைகூட இல்லை. ஐயா, இப்போது தூக்கினீர்களே, அந்தக் கையெல்லாம் வளனுக்குத்தான். ஜோசப்பும் வளனும் ஒரே பெயர்! (சலசலப்பு)

எப்படி? அந்தக் கதை பிறந்தது வேறெங்கும் இல்லை, இந்த அரியலூர்ச் சீமையிலேதான். கொள்ளிடத்து வடகரையிலே, திருமானூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அடைக்கல மாதா கோயில் உள்ள ஊர். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்கே தங்கித் தொண்டு செய்தவர் ஓர் இத்தாலிக்காரர். 1680இல் காஸ்திலியோனே என்ற ஊரிலே பிறந்தவர். 1710இல் இந்தியா வந்தவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நாம் அவரை எப்படிக் கூப்பிடுகிறோம்? வீரமாமுனிவர்!

தமிழ் எழுத்திலே எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்தவர், பரமார்த்த குரு கதை சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தவர், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையிலே சிலையாக நின்றவர், அந்த முனிவர்தான்.

அவர் 1726இல் தேம்பாவணி பாடினார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள். காப்பியத் தலைவர் யார்? இயேசு பெருமானை வளர்த்த தந்தை சூசையப்பர், அந்தத் தச்சர். இங்கேதான் முனிவருக்குச் சிக்கல் வந்தது. தலைவனுக்கு என்ன பெயர் வைப்பது?

சூசை என்ற பெயர் அப்போதே நம் ஊரிலே இருந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்ச்சுக்கீசியர் கப்பலிலே வந்தது. அவர்கள் ‘ஜோஸே’ என்றார்கள். நம் மக்கள் நாக்கிலே அது சூசை ஆயிற்று. அந்த ஓசையை அப்படியே எடுத்துப் பாட்டிலே போட்டிருக்கலாம். முனிவரின் தாய்மொழியிலே அதே பெயர் ‘ஜுசெப்பே’. அதைப் போட்டிருக்கலாம். வேத நூலிலே உள்ள எபிரேய ஓசையை எடுத்து யோசேப்பு என்றும் போட்டிருக்கலாம்.

அவர் அந்தப் பெயரை உரித்துப் பார்த்தார்! பழைய ஏற்பாட்டிலே ராகேல் என்ற தாய், நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து ஒரு மகனைப் பெறுகிறாள். ஆண்டவன் இன்னும் ஒன்று கூட்டித் தரட்டும் என்று வேண்டி அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர்தான் யோசேப்பு. கூட்டுவான், பெருக்குவான் என்று பொருள். பெருகுவதற்குத் தமிழிலே என்ன சொல்? வளம்! அதை வளன் ஆக்கினார். தேம்பாவணியின் தலைவன் வளன்! (பலத்த கைதட்டல்)

இலக்கணம் தெரிந்தவர்கள் இன்னொரு நயத்தைப் பார்ப்பார்கள். தமிழிலே அறம் அறன் ஆகும், நலம் நலன் ஆகும், வளம் வளன் ஆகும். இறுதிப் போலி என்று பள்ளிக்கூடத்திலே படித்தோமே, அதுதான். ஆனால் ‘அன்’ என்று முடிவதால் கேட்கிறவனுக்கு முருகன், கண்ணன் மாதிரி ஆண்மகன் பெயராகவும் காதிலே விழுகிறது. ஒரே சொல், வளமும் அதுதான், ஆளும் அதுதான். எதிரணி அன்பர்களே, பொருளைத் தேடிப் போனவருக்கு ஓசை தானாக வந்து கையிலே விழுந்தது. ஓசையைத் தேடிப் போகிறவர்களுக்கு இப்படிப் பொருள் வந்து விழுமா? (கைதட்டல்)

இது ஒரு தடவை நேர்ந்த தற்செயல் இல்லை. திருமுழுக்கு யோவானுக்கு அவர் வைத்த பெயர் கருணையன். யோவான் என்றால் ஆண்டவன் கருணை காட்டினான் என்று பொருள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலே கருணையன் தன் தாயை இழந்து அழுகிற பகுதியைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கருணையன்தான் நம் ஊர் ஜான்! (சிரிப்பு) தன் பெயரையே அவர் விடவில்லை. கான்ஸ்டன்டைன் என்றால் உறுதி உடையவன். அதைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். பரிதிமாற் கலைஞரும் மறைமலை அடிகளும் தங்கள் பெயரைத் தமிழாக்கிக்கொள்வதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்னாலே நடந்த காரியம் இது.

எதிரணி நண்பர் ஒருவர் கேட்டார்: “ஒலிதான் உலகமெல்லாம் பரவும். ஜோசப் என்றால் எந்த நாட்டிலும் தெரியும்.” ஐயா, உலகத்திலே மிகப் பரவிய பெயர்களிலே அது ஒன்று என்பது உண்மை. ஆனால் எந்த ஒலி பரவியது? இத்தாலியிலே ஜுசெப்பே. ஸ்பெயினிலே ஹோசே. அரபியிலே யூசுஃப். ஆங்கிலத்திலே ஜோசப். நம் கிராமத்திலே சூசை. ஊருக்கு ஊர் ஓசை உடைந்துபோயிற்று! அந்தப் பெயருக்கு உள்ளே ஒரு தாயின் வேண்டுதல் இருந்தது. அதைத் தமிழிலே கண்ணுக்குத் தெரியும்படி வைத்தவர் இந்த முனிவர். (கைதட்டல்)

அப்புறம் ஏன் அது பரவவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சூசை முந்திக்கொண்டு வந்துவிட்டது. செபத்திலும் பாட்டிலும் வாயிலும் ஊறிவிட்டது. தேம்பாவணியோ புலவர்கள் படிக்கிற செந்தமிழ்க் காப்பியம். அதனால் வளன் என்ற பெயர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலே பெயர்ப் பலகைக்குப் போயிற்று. 1844இல் நாகப்பட்டினத்திலே தொடங்கி, 1883இல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி, அப்துல் கலாம் படித்த கல்லூரி, அதற்குத் தமிழிலே என்ன பெயர்? தூய வளனார் கல்லூரி! பேருந்திலே போகிறவன் படிக்கிறான். ஆனால் வளனார் யார் என்று கேட்பதில்லை. தனித்தமிழ் உணர்வு வந்த பிறகு சில வீடுகளிலே பிள்ளைக்கு வைத்தார்கள். அவ்வளவுதான். அபூர்வப் பெயராகவே நின்றுவிட்டது.

நடுவர் அவர்களே, அபூர்வப் பெயரைச் சுமப்பதிலே கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்த ஒரு மாணவன் பெயர் வளன். கொள்ளிடக்கரைக் கிராமத்துப் பிள்ளை. ஆங்கிலத்திலே ஐந்தெழுத்து. அதைத் திருப்பித் தமிழிலே அடித்த ஒரு புண்ணியவான் சான்றிதழிலே ‘வாலன்’ என்று அடித்துவிட்டார். (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். விடுதியிலே பையன்களும் இப்படித்தான் சிரித்தார்கள். “வாலு எங்கேடா?” என்று தினம் கேட்டார்கள். பையன் ஒரு நாள் விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தான். “ஐயா, அரசிதழிலே கொடுத்துப் பெயரை மாத்திக்கப்போறேன். கையெழுத்துப் போடுங்க.”

“போடுறேன் தம்பி. உங்கப்பா ஏன் இந்தப் பேர் வச்சார்னு கேட்டியா?” என்றேன். கேட்டதில்லையாம். “கேட்டுட்டு வா” என்று அனுப்பினேன்.

அவர் நாலு வகுப்புப் படித்த விவசாயி. மகனிடம் சொன்னாராம்: “நீ பொறந்த வருஷம் ஆத்துல தண்ணி வரலடா. நட்ட பயிர் காஞ்சு போச்சு. கடன்காரன் வாசல்ல நின்னான். கோயில் பிரசங்கத்துல சாமியார் சொன்னாரு, வளன்னா வளம்னு. வீட்டுல இல்லாததை உன் பேர்லயாவது வைப்போம்னு வச்சேன். தெனமும் நாலு தடவை கூப்பிட்டா, கூப்பிட்டது வராமலா போயிடும்?” (நீண்ட கைதட்டல்)

பையன் திரும்பி வந்தான். பெயரை மாற்றுகிற விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டான். சான்றிதழைத் திருத்துகிற விண்ணப்பத்தை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். மாற வேண்டியது எழுத்துப்பிழைதானே, நடுவர் அவர்களே, பெயர் இல்லையே!

ஓசைக்காக வைத்த பெயராக இருந்தால், இன்னொரு ஓசை பிடித்த அன்றைக்கே அது போயிருக்கும். அந்தப் பிள்ளையைத் தடுத்து நிறுத்தியது பெயருக்குள்ளே இருந்த அப்பாவின் ஆசை. அதற்குத்தான் பொருள் என்று பெயர். (கைதட்டல்)

நிறைவாக ஒன்று. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி தொகுத்தார். நான்கு பகுதி. முதல் பகுதி பெயர். இரண்டாவது பொருள். மூன்றாவது தொகை. நான்காவது தொடை, அதாவது எதுகைச் சொற்கள், ஓசை! பெயருக்குப் பக்கத்திலே பொருளை உட்கார வைத்தார். ஓசையைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நம் தகராறுக்கு அவர் அன்றைக்கே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டார்.

தாய்மார்களே, என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். எந்த மொழியிலே வேண்டுமானாலும் வையுங்கள். அதை ஏன் வைத்தோம் என்று ஒரு வரி தெரிந்து வையுங்கள். பிள்ளை ஒரு நாள் கேட்கும். அன்றைக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும். ஆகவே பெயர் சூட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது பொருளே, பொருளே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.