ஆகஸ்டு 31: ஒரு தேதியின் கதை



வேலை முடிந்து வந்து, குளிருக்கு அடக்கமாக அடுப்படியில் அமர்ந்து தேநீர் அருந்திக் கொண்டிருப்பீர்கள். அங்கிருந்தபடியே உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள். சம்பள நாளுக்கு ஒரு வட்டம், அமாவாசைக்கு ஒரு புள்ளி, மளிகைக் கடைப் பாக்கிக்கு ஒரு கணக்கு என்று எத்தனையோ குறிப்புகள் அதில் இருக்கும். காலையில் எழுந்ததும் ஒரு தாளைக் கிழிக்கிறோம். கிழித்த தாள் திருநீறு மடிக்க உதவுகிறது. இல்லாவிட்டால் அடுப்புக்குப் போகிறது. அந்தத் தாளில் அச்சடித்திருக்கும் எண்ணை நாம் நினைத்துப் பார்ப்பது குறைவு.

இன்று ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்துக் கொள்வோம். ஆகஸ்டு மாதம் 31ஆம் தேதி. இந்த ஒரு நாளில் உலகில் என்னென்ன நடந்திருக்கின்றன, யார் யார் பிறந்திருக்கிறார்கள், அவற்றுக்கும் தோட்டத்தில் வாழும் நமக்கும் என்ன உறவு என்பதைப் பார்ப்போம்.

ஆகஸ்டு 31 என்றவுடன் நம் பிள்ளைகள் ஒரே குரலில் "மெர்டேக்கா!" என்று சொல்லிவிடுவார்கள். சரிதான். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி நள்ளிரவில், கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து, கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கினார். கூடியிருந்த மக்களும் ஏழு முறை திருப்பி முழங்கினார்கள்.

மலேசியா என்ற பெரிய கூட்டரசும் இதே தேதியில்தான், 1963ஆம் ஆண்டில், பிறந்திருக்க வேண்டும். சபா, சரவாக் மக்களின் கருத்தை அறிய ஐக்கிய நாட்டுச் சபையின் குழு வந்ததால் அது செப்டம்பர் 16க்குத் தள்ளிப் போயிற்று. ஆகவே நமக்கு இரண்டு நாட்டு விழாக்கள் கிடைத்தன.

இனி, இதே தேதியைக் கையில் வைத்துக்கொண்டு கடல் கடந்து சற்றுத் தூரம் போவோம்.

அமெரிக்கக் கண்டத்தின் அருகே, கரிபியன் கடலில் திரினிடாட், டொபேகோ என்று இரண்டு தீவுகள் சேர்ந்த ஒரு நாடு இருக்கிறது. அந்த நாடு பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி. நமக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே நாள்! ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. அங்கேயும் தோட்டங்கள் இருந்தன, கரும்புத் தோட்டங்கள். அங்கேயும் இந்தியாவிலிருந்து கூலிக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோனார்கள். 1845ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். சென்னையிலிருந்து போன நம்மவரும் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, ஐந்து ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்டு உழைக்க வேண்டும். நம் பாட்டன்மார் கங்காணியின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியது போலத்தான் இதுவும்.

அந்தக் கரும்புத் தோட்ட மக்களின் வழியில் வந்தவர் பாஸ்தேவ் பாண்டே. படித்து வழக்கறிஞரானார், கரும்புத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார், 1995ஆம் ஆண்டு அந்த நாட்டின் பிரதமரானார். இந்திய வம்சாவளியில் வந்த ஒருவர் அங்கே பிரதமரானது அதுவே முதல் முறை. கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளை நாட்டையே ஆளும் பொறுப்புக்கு வந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது என்ன? பள்ளிக்கூடமும் குடியுரிமையும்தான்.

பள்ளிக்கூடம் என்று சொன்னதும் ஆகஸ்டு 31இல் பிறந்த ஓர் அம்மையார் நினைவுக்கு வருகிறார். 1870ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கியாராவல்லே என்ற சிற்றூரில் பிறந்தவர் மரியா மாண்டிசோரி. பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் படித்து 1896இல் மருத்துவரானார். 1907ஆம் ஆண்டு ரோமாபுரியில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் சிறு பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார்.

ஏன் திறந்தார் தெரியுமா? தாயும் தந்தையும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படியிலும் முற்றத்திலும் கேட்பாரற்றுத் திரிந்தார்கள். சுவரில் கிறுக்கினார்கள், பொருள்களைப் பாழ்படுத்தினார்கள். அவர்களை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் போதும் என்றுதான் கட்டடத்தின் உரிமையாளர்கள் எண்ணினார்கள். நேயர்களே, நம் தோட்டங்களின் ஆயாக் கொட்டகை உங்களுக்கு நினைவுக்கு வருகிறதல்லவா? கொழுந்து பறிக்கப் போகும் தாய் பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டுப் போவாள். பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்று ஆயா பார்த்துக் கொள்வாள். மாண்டிசோரி அம்மையார் அதோடு நிற்கவில்லை. பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலி, பிள்ளையின் கைக்கு அடங்கிய மரக்கட்டைகள், விரலால் தடவிப் பார்க்கும் எழுத்துகள் ஆகியவற்றைக் கொடுத்தார். தானாகத் தொட்டு, தானாகச் செய்து கற்கவிட்டார். நாலைந்து வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். தொழிலாளியின் பிள்ளைக்கு மூளை குறைவு என்று பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இந்த அம்மையாருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தார். அவர் இங்கே இருந்தபோது இத்தாலியும் உலகப் போரில் இறங்கியது. இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் அவருடைய மகன் மரியோவைக் காவலில் வைத்தார்கள். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அவருக்கு எழுபதாவது பிறந்த நாள். அந்தப் பிறந்த நாளுக்குப் பரிசாக மகனை விடுதலை செய்து அனுப்பினது பிரிட்டிஷ் அரசாங்கம். பின்னர் அவர் கொடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். நம் கேமரன் மலை போலவே குளிர்ந்த மலை அது.

அடுத்து, ஐரோப்பாவில் போலந்து நாடு. அங்கே கடற்கரையில் கிடான்ஸ்க் என்ற நகரில் கப்பல் கட்டும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பாரந்தூக்கி இயந்திரத்தை ஓட்டிவந்த அன்னா வாலென்டினோவிச் என்ற பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓய்வு பெற அவருக்கு ஐந்து மாதங்களே இருந்தன. தோழியருக்காகவும் தோழர்களுக்காகவும் வாய் திறந்து பேசியதுதான் அவர் செய்த குற்றம். அவருக்காக ஆகஸ்டு 14ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். லெக் வலேசா என்ற மின்தொழிலாளி தலைமை ஏற்றார். கோரிக்கைகள் 21. கல்லெறி இல்லை, தீவைப்பு இல்லை. ஆலைக்குள்ளேயே ஒழுங்காக அமர்ந்திருந்தார்கள். ஆகஸ்டு 31ஆம் தேதி அரசாங்கமே வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சுதந்திரமான தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை கிடைத்தது. அந்த மின்தொழிலாளி 1990இல் நாட்டின் அதிபரானார். சங்கத்தின் அருமை நமக்குப் புதிதல்ல. நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டோம். இனி வீட்டுக்குத் திரும்புவோம். 1957ஆம் ஆண்டின் அந்த நள்ளிரவுக்கே திரும்புவோம்.

ஒரு லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் பெற்றோர் தமிழ்நாட்டில் பிறந்து வந்தவர்கள். இந்நாட்டுக் குடியுரிமை பெறாதவர்கள். முதல் வீட்டில் ஆகஸ்டு 30ஆம் தேதி இரவு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. இரண்டாவது வீட்டில் விடிந்தபின், 31ஆம் தேதி காலை ஒரு பெண் குழந்தை. ஒரே மருத்துவச்சி, ஒரே மண், ஒரே மழை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒன்றல்ல. மெர்டேக்கா நாளிலும் அதற்குப் பின்னும் இந்நாட்டு மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே குடிமகளாகிவிட்டது. முந்தின இரவு பிறந்த குழந்தையோ மனுச் செய்து, பதிந்துகொண்டு குடியுரிமை பெற வேண்டியதாயிற்று. சில மணி நேரம்தான் வித்தியாசம்!

1962ஆம் ஆண்டு செப்டம்பர் முடிவோடு அந்த விதியும் மாறியது. அதன்பின் மண்ணில் பிறந்தது மட்டும் போதவில்லை; பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆயிற்று.

மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்களுக்கும் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வுகூட இல்லாமல் பதிந்து கொள்ளலாம் என்றிருந்தது. பலர் பதிந்தார்கள். பலர் பதியவில்லை. "நமக்கெதற்குப் பத்திரம்? துரைக்கு நம்மைத் தெரியும், கிராணிக்கு நம் பெயர் தெரியும்" என்று இருந்துவிட்டார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்றும் தயங்கினார்கள். 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தோட்டங்களில் கலக்கம் பரவியது. பல்லாயிரம் பேர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். இந்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள். ஒரு தாள் இல்லாததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

"அதெல்லாம் பழைய கதை" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் பள்ளியில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம்.

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைப் பதியும் நாளில் ஒரு பாட்டி தம் பேரனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சலவை செய்த சட்டை, படிய வாரிய தலை. பிறப்புப் பத்திரம் கேட்டோம். இல்லை. "எப்போது பிறந்தான் பாட்டி?" என்று கேட்டோம். "மாரியம்மன் திருவிழாவுக்குப் பிறகுங்க டீச்சர். மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்ததே, அந்த வருசம்" என்றார். பாதை அடைபட்டதால் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. பதியப் போக வேண்டியவர்கள் பாதை சரியானதும் போகலாம் என்றிருந்தார்கள். பிறகு தாய் நோயில் படுத்தாள். அந்தக் காரியம் அப்படியே மறந்து போயிற்று.

தேதி தெரியாமல் எங்கே போய் என்ன கேட்பது? மறுநாள் பாட்டி மீண்டும் வந்தார். தகரப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த ஒரு நாட்காட்டித் தாள் அவர் கையில் இருந்தது. பிள்ளை பிறந்த அன்று தாத்தா அதைக் கிழித்து, நேரத்தைப் பென்சிலால் எழுதி, ஜாதகம் பார்க்க வைத்திருந்தாராம். அந்தத் தாள் மட்டும் சட்டத்துக்குச் சான்றாகிவிடாது. ஆனால் அதில் தேதி இருந்தது. அந்தத் தேதியைக் கொண்டு, குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட்ட பதிவேட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். அதன்பிறகும் அலைச்சல் கொஞ்சமல்ல. மனு, சாட்சி, விசாரணை என்று இரண்டு ஆண்டுகள் ஆயின. அப்பனுக்கு எத்தனையோ நாள் கூலி போயிற்று. பத்திரம் கைக்கு வந்த அன்று அந்தச் சிறுவன் எங்களிடம் ஓடிவந்து, "டீச்சர், எனக்கும் பிறந்த நாள் வந்திடுச்சு" என்றான். நாங்கள் என்ன பதில் சொல்வது? அவன் தலையைத் தடவிக் கொடுத்தோம்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, மூன்று காரியங்களை மறவாதீர்கள்.

பிள்ளை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதிவிலாகாவில் பதிந்து விடுங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். பின்னால் போவது அதைவிடப் பெரியது. பெயரை எழுதும்போது எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று படித்தவர் ஒருவரைக் கொண்டு அங்கேயே சரி பாருங்கள்.

12 வயதானதும் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள். 18 வயதில் அந்தப் பிள்ளைக்கு வாக்குரிமையும் வந்து சேரும்.

பத்திரங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். பாட்டன், பாட்டி, தாய், தந்தை, பிள்ளைகள் எல்லாருடைய பிறந்த தேதியையும் ஊரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அதே உறையில் சேருங்கள். எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள்; எழுதித் தருகிறோம்.

ஆகஸ்டு 31இல் நாடுகள் பிறந்தன. ஒரு பெரிய ஆசிரியை பிறந்தார். தொழிலாளர்களின் உரிமை பிறந்தது. இவற்றையெல்லாம் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் இன்று நம்மால் பேச முடிகிறது. நம் லயத்தில் பிறக்கும் பிள்ளையின் நாளைச் சரித்திரம் தானாக எழுதாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

நாளைக் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது, அந்தத் தேதியில் நம் வீட்டில் யாராவது பிறந்தார்களா என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.