ரத்தம் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை)



நாளை காலை இங்கே ரத்ததான முகாம். ரத்த வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். 'கொடுங்கள்' என்று சொல்ல நான் வேண்டியதில்லை. கோவில்பட்டிக்காரன் கேட்டால் கொடுத்துவிடுவான். கொடுக்குமுன் உங்களிடம் நீட்டுகிற படிவத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

ஹெபடைட்டிஸ் சி என்றொரு கிருமி, கல்லீரலைத் தாக்குவது. 1989-இல்தான் அடையாளம் கண்டார்கள். காமாலை என்றால் நாம் கண்ணைப் பார்ப்போம், கீழாநெல்லியை அரைப்போம். இது பெரும்பாலும் கண்ணில் காட்டாது. இருபது வருஷம்கூட சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஈரல் சுருங்கிய பிறகு தெரியவரும். அதுவரை ஆள் திடகாத்திரமாக இருப்பார். ரத்தமும் கொடுக்க வருவார்.

ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் முக்கியமாகப் பரவும். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. நம் சின்ன வயசை நினைத்துப் பாருங்கள். 'ஊசி போடுங்க டாக்டர்' என்று நாமே கேட்டு வாங்குவோம். கண்ணாடி சிரிஞ்சு, ஒரே ஊசி, தண்ணீர் கொதித்ததோ இல்லையோ! எகிப்தில் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. ஊசிகளைச் சரியாகச் சுத்தம் செய்யாததால் லட்சக்கணக்கானோருக்கு இந்தக் கிருமி தொற்றியது. போதை ஊசி, பரிசோதிக்காமல் ஏற்றிய பழைய ரத்தம், திருவிழாக் கடையில் குத்திய பச்சை, பலருக்கும் போட்ட பிளேடு எல்லாம் இதே வழிதான். காசுக்கு ரத்தம் விற்பதும் ஒரு பெரிய ஆபத்தாக இருந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 முதல் அது தடை செய்யப்பட்டது.

"அதான் டெஸ்ட் பண்றீங்களே சார்?" என்பார்கள். பண்ணுகிறோம். ஆனால் கிருமி புகுந்து, உடம்பில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை வழக்கமான எதிர்ப்பொருள் பரிசோதனைக்குக் கண் தெரியாது. அதனால்தான் பச்சை குத்தினால் ஒரு வருஷம் பொறு என்கிறோம்.

2018 டிசம்பரில் பக்கத்துச் சாத்தூரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தன் நிலை தெரிந்ததும், கொடுத்த இளைஞரே வந்து சொன்னார். மனம் உடைந்த அவர் அந்த மாதமே இறந்துபோனார். கிருமி வேறு, பாதை ஒன்று.

என் அனுபவம் ஒன்று. மச்சானுக்கு ஆபரேஷன் என்று ஒரு தம்பியைக் கூட்டிவந்தார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, "பச்சை குத்தியிருக்கியா?" என்று கேட்டேன். "இல்லை" என்றான். ரத்தம் எடுத்தாயிற்று. சாயங்காலம் தனியாக வந்தான். "சார், போன மாசம் முதுகுல குத்தினேன். அக்கா முன்னாடி எப்படிச் சொல்ல?" பையை ஒதுக்கிவிட்டோம். தப்பு அவனுடையதல்ல, அத்தனை பேர் முன்னால் கேட்ட என்னுடையது. அதற்குப் பிறகு தனி அறை இல்லாமல் நான் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பரிசோதனையில் சி இருப்பது தெரிந்தாலும் பயப்படாதீர்கள். பெரும்பாலோருக்கு மூன்று மாதம் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம்.

நாளை நூலகத்தின் பின்னறையில் நான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக வாருங்கள், நண்பர்கள் வெளியே நிற்கட்டும். கொடுக்காமல் திரும்புகிறவருக்கும் கடலை மிட்டாய் உண்டு.