பட்டாணித் தோட்டமும் பாரம்பரிய விதியும்

மரபியல் பாடத்தில் மாணவர் முதலில் கற்பது மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம். பெரும்பாலும் அது தேர்வுக்கான சூத்திரமாகவே நின்றுவிடுகிறது. அது பிறந்த வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பதால் விளையும் பயன் பெரிது.

பெற்றோரின் பண்புகள் திரவங்களைப் போல ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பரவலாக நிலவிய கருத்து. புரூன் நகர மடத்துத் துறவியான கிரிகோர் மெண்டல், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளைக் கொண்டு பாரம்பரியத்தை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலப்புச் செய்தபோது, முதல் தலைமுறையில் உருண்டை விதைகளே கிடைத்தன. அடுத்த தலைமுறையில் 7,324 விதைகளை எண்ணினார். உருண்டையானவை 5,474, சுருங்கியவை 1,850. மறைந்த பண்பு மாறாமல் மீண்டும் வெளிப்பட்டது. எனவே பண்புக்குரிய கூறுகள் அழிவதில்லை. ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் ஒன்றே சந்ததிக்குச் செல்கிறது என்பது தெளிவாயிற்று. 1866இல் வெளியான இந்த ஆய்வு, மெண்டல் மறைந்து 16 ஆண்டுகள் கழித்து, 1900இல்தான் அறிவுலகின் கவனத்தைப் பெற்றது.

மெண்டல் மற்றொரு செய்தியையும் மறைக்காமல் பதிவு செய்தார். ஒரு செடியில் 43 உருண்டை விதைகளுக்கு 2 மட்டுமே சுருங்கியவை. வேறொன்றில் 14க்கு 15. விகிதம் பெருந்தொகையில்தான் புலப்படும். தனிச் செடி அதற்குக் கட்டுப்படுவதில்லை. பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இச்செய்தியே வாழ்க்கைக்கு மிகவும் வேண்டுவது.

அரிவாள் செல் சோகை இதற்குச் சான்று. இந்தியாவில் இக்கூறு நீலகிரிப் பழங்குடியினரிடையே இருப்பது 1952இல் வெளியிடப்பட்டது. 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், 7 கோடி மக்களைச் சோதித்து, 2047க்குள் நோயை ஒழிக்க இலக்கு வகுத்தது. தாய், தந்தை இருவரும் இக்கூறு ஒன்றைத் தாங்கியவர்களாயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்று குழந்தைகளும் தப்பும் என்று கொள்வது பெருந்தவறு. தாயை மட்டும் பழிப்பதும் அறியாமையே. கூறு ஒன்றை மட்டும் தாங்கியவர் நோயாளி அல்லர் என்பதும் விளக்கப்பட வேண்டும்.

சோதனை முடிவை அட்டையில் எழுதிக் கொடுப்பதுடன் அலுவலரின் கடமை முடிவதில்லை. அதன் பொருளைக் குடும்பத்துக்கு எடுத்துரைக்க வேண்டும். வகுப்பறையில் மெண்டலின் எண்ணிக்கைகளைத் தாமே கணக்கிட்டுப் பார்த்த மாணவர், நாளை அலுவலராகும்போது அப்பணியைத் திறம்படச் செய்வார்.