இரண்டு பொம்மைக் கதைகளுக்கு நடுவே ஒரு பணிமனை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறீர்கள். தூக்கம் வரும் நேரம். அதனால் பொம்மைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடிக்கொண்டிருந்தபோது, பழைய குறுந்தகடுகளின் குவியலில் 'தண்டர்பேர்ட்ஸ்' என்று அட்டையில் எழுதிய ஒரு தொகுப்பு கிடைத்தது. இங்கிலாந்தில் 1965, 1966ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொடர் அது. நடிகர்கள் யாருமில்லை, எல்லோரும் பொம்மைகள். மகனுக்காக வாங்கினேன். அவன் ஒரு பகுதி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான்தான் 32 பகுதிகளையும் பார்த்து முடித்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்லவ் என்ற ஊரின் தொழிற்பேட்டையில், ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியினரும் அவர்களுடைய குழுவினரும் இதைத் தயாரித்தார்கள். பொம்மையின் உயரம் ஏறக்குறைய 2 அடி. மெல்லிய உலோகக் கம்பிகளில் மேலிருந்து தொங்கவிட்டு ஆட்டுவார்கள். நம் பொம்மலாட்டத்தில் பொம்மைக்கு வாய் அசையாது, பாடுகிறவர் குரலை வைத்துப் பேசுவது யாரென்று நாம் புரிந்துகொள்வோம். இவர்கள் வசனத்தை முன்பே ஒலிப்பதிவு செய்துவிட்டு, அந்த ஒலியிலிருந்து வரும் மின்துடிப்பைக் கம்பி வழியாகவே பொம்மையின் தலைக்குள் அனுப்பினார்கள். உள்ளேயிருக்கும் சிறு மின்காந்தக் கருவி கீழுதட்டை அசைக்கும். கருவிக்கு இடம் வேண்டுமே, அதனால் தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். 1967இல் வந்த 'கேப்டன் ஸ்கார்லெட்' தொடரில் அந்தக் கருவியை மார்புக்குள் இறக்கினார்கள். தலை அளவுக்கு வந்தது. இந்தத் தலை விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இந்தத் தொடர் பிறந்த கதையும் நல்ல கதை. 1963இல் மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே என்ற இடத்தில் ஒரு சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. 14 நாட்களுக்குப் பிறகு 11 தொழிலாளர்கள் உயிருடன் மீட்கப்பட்டார்கள். துளையிடும் இயந்திரம் தொலைவிலிருந்து வந்து சேரத் தாமதமானதைக் கேட்ட ஆண்டர்சனுக்கு, எந்த இடத்துக்கும் உடனே போய்ச்சேரும் மீட்புக் கருவிகள் இருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியதாம். ஒரு தீவில் வாழும் தந்தையும் 5 மகன்களும், 5 வண்டிகளும், இடரில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் வேலையும் உருவாயின. வில்லனை அடித்து நொறுக்குவதைவிட, மாட்டிக்கொண்டவனை வெளியே எடுப்பதுதான் பெரும்பாலான கதைகள். எனக்குப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

இனி நம் வேலைக்கு வருகிறேன். 1980, 1981ஆம் ஆண்டுகளில் ஐ.டி.சி. நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தார் இந்தப் பழைய தொடர்களின் பகுதிகளை இணைத்துத் தொலைக்காட்சிக்கான முழுநீளப் படங்களாக ஆக்கினார்கள். 'தண்டர்பேர்ட்ஸ்' ஒரு பகுதி 50 நிமிடம், ஆகவே இரண்டை எடுத்தால் ஒரு படம். 'கேப்டன் ஸ்கார்லெட்' ஒரு பகுதி 25 நிமிடம், அதற்கு நான்கு வேண்டும். புதிதாக எடுக்க எதுவுமில்லை, இருப்பதை வெட்டி ஒட்ட வேண்டியதுதான். 'தண்டர்பேர்ட்ஸ் டு தி ரெஸ்க்யூ' என்ற படத்தில் 'ஃபயர்ஃப்ளாஷ்' என்னும் அணுசக்தி விமானம் சிக்கலில் மாட்டும் இரண்டு பகுதிகளைச் சேர்த்தார்கள். இரண்டிலும் ஒரே விமானம், அதனால் பொருத்தம் இருந்தது. 'தண்டர்பேர்ட்ஸ் இன் அவுட்டர் ஸ்பேஸ்' என்பதில் சூரியனை நோக்கிப் போன விண்கலத்தையும், விண்வெளியில் மிதந்தபடி பாட்டுப்போடும் வானொலிக்காரனையும் சேர்த்தார்கள். இரண்டுக்கும் விண்வெளியைத் தவிர வேறு உறவு கிடையாது. பார்த்தால் தையல் பிரிந்து தெரியும்.

அப்போதுதான் எனக்கு நம் பிள்ளைகளின் கட்டுரை ஏடு நினைவுக்கு வந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஒவ்வொன்றும் தனித்தனியே மனப்பாடம். ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு ஏன் போகிறோம் என்று எழுதிய பிள்ளைக்கே தெரியாது. இணைப்பு இல்லாத குறை இருவருக்கும் ஒன்றுதான். அந்தக் குறையை ஏட்டில் காட்டினால் பிள்ளை வாடிவிடும். அமெரிக்காக்காரன் படத்தில் காட்டினால்?

ஒன்பதாம் வகுப்பில் முயன்றேன். முதலாண்டு முழுத் தோல்வி. கதைச் சுருக்கங்களைக் கொடுத்து 'கற்பனை செய்து எழுதுக' என்றேன். 38 ஏடுகளில் 30 'ஒரு ஊரில்' என்று தொடங்கின. குற்றம் என்னுடையது. எதைக் கற்பனை செய்வது என்று நான் சொல்லவேயில்லை.

அடுத்த ஆண்டு மாற்றினேன். 12 பகுதிகளின் கதையை 12 அட்டைகளில் தமிழில் எழுதினேன். யார் வருகிறார்கள், எந்த வண்டி வருகிறது, முடியும்போது எது எந்த நிலையில் இருக்கிறது, இவ்வளவுதான். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் சில காட்சிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டேன், கதையை நான் சொன்னேன். பொம்மையை நடக்கவைத்தால் ஆட்டம் தெரிந்துவிடும் என்று, எல்லோரையும் வண்டியிலும் நாற்காலியிலும் உட்காரவைத்தே கதையை ஓட்டியிருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். பொத்தானை அழுத்தும் கை மட்டும் மனிதக் கை என்று கத்தியவள் கடைசி பெஞ்சு மாணவி. பிறகு பணியைச் சொன்னேன்: இரண்டு அட்டைகளை எடு, 90 நிமிடப் படம் ஒன்றைத் திட்டமிடு. 100 நிமிடத்தில் 10 நிமிடத்தை வெட்ட வேண்டும். புதிதாக ஒரே ஒரு காட்சி மட்டும் எழுதலாம். அது இரண்டையும் இணைக்கும் காட்சியாக இருக்க வேண்டும்.

இந்த 'ஒரே ஒரு காட்சி' என்ற கட்டுப்பாடுதான் வேலை செய்தது.

மாணவியர் குழு ஒன்று டின்டின் என்ற பெண் பாத்திரத்தை வைத்துப் படம் செய்யப் பார்த்தது. சூரியனை நோக்கிய பயணத்தில் அவளும் விண்கலத்தில் போகிறாள், அதை உடனே எடுத்துக்கொண்டார்கள். அவளைத் தேடி ஒரு பழைய நண்பன் வர, தீவிலிருக்கும் ஆலன் பொறாமைப்படும் பகுதியும் இருந்தது. வேண்டாமென்று திருப்பித் தந்தார்கள். "ஐயா, இதுல அவளப் பத்திப் பையன்கதான் பேசுறாங்க, அவ எதுவும் செய்யல." இப்படியொரு திறனாய்வை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை.

இன்னொரு குழு இரண்டு தொடர்களையே கலக்கப் போனது. தண்டர்பேர்ட்ஸ் ஆட்களும் கேப்டன் ஸ்கார்லெட் ஆட்களும் ஒரே படத்தில். தலையளவு பொருந்தாதே என்றேன். கொஞ்ச நேரம் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள். கேப்டன் ஸ்கார்லெட் கதையில் செவ்வாயைச் சேர்ந்த மிஸ்டெரான்கள் மனிதரை அழித்துவிட்டு அதேபோல் நகல் செய்து அனுப்புவார்கள் அல்லவா? 'தலை சிறியவரெல்லாம் நகல், தலை பெரியவரெல்லாம் அசல். நகலைக் கண்டுபிடிக்க அளவுநாடா போதும்' என்று எழுதினார்கள். வகுப்பு சிரித்து அடங்கப் பாதிப் பாடவேளை ஆனது.

இணைப்புக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அந்தத் தொடர்களிலேயே உண்டு. பழைய காட்சிகளை மறுபடி பயன்படுத்த அவர்களே சட்டகம் செய்திருக்கிறார்கள். 'செக்யூரிட்டி ஹஸார்ட்' என்ற பகுதியில் ஒரு சிறுவன் வண்டிக்குள் ஒளிந்து தீவுக்கு வந்துவிடுகிறான், சகோதரர்கள் அவனுக்குப் பழைய மீட்புக் கதைகளைச் சொல்கிறார்கள். கேப்டன் ஸ்கார்லெட்டின் கடைசிப் பகுதியில் கேப்டன் புளூவை உட்காரவைத்து, நீதான் அவன் என்று நிரூபி என்று விசாரிக்கிறார்கள், அவர் பழையதைச் சொல்கிறார். கதை சொல்ல ஒருவருக்குக் காரணம் இருக்கிறது, கேட்க இன்னொருவருக்குக் காரணம் இருக்கிறது. என் வகுப்பில் விசாரணைதான் அதிகம் விலைபோனது. வருகைப் பதிவேடு எடுக்கும் ஆசிரியரைப் போலவே விசாரணை அதிகாரியை எழுதியிருந்தார்கள். யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு போகிறவர்கள். ஆலை அரவைப் பருவம் தொடங்கினால் மேஸ்திரி அழைக்கும் ஊருக்குக் குடும்பமே போகும், அவனும் போவான். மூன்று, நான்கு மாதம் கழித்து வருவான். வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். எழுத்து தெரியாதவன் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். நாங்கள் என்றால் நானும்தான்.

அவனிருந்த குழு 'டெரர் இன் நியூயார்க் சிட்டி' பகுதியை முதலிலும், ராணுவ இயந்திரம் ஒன்று எரியும் பள்ளத்தில் விழும் 'பிட் ஆஃப் பெரில்' பகுதியை இரண்டாவதாகவும் வைத்தது. முதல் கதையில் ஒரு போர்க்கப்பல் தவறாகச் சுட்டு, தண்டர்பேர்ட் 2 எரிந்து தீவில் வந்து விழுகிறது. சரிசெய்யப் பல வாரம் ஆகும். அதனால் நியூயார்க்கில் மண்ணுக்கடியில் சிக்கியவர்களை மீட்கச் சிறிய நீர்மூழ்கியை, சுட்ட அதே கப்பலே சுமந்து போகிறது. இரண்டாவது கதையிலோ மீட்பு வண்டிகளை ஏற்றிவருவது தண்டர்பேர்ட் 2தான்.

அவன் கேட்டான்: "வண்டி எரிஞ்சு கெடக்குது. ரிப்பேர் யாரு பண்ணுனா?"

குழுத்தலைவி, கதைகளை முன்பின்னாக மாற்றிவிட்டால் போயிற்று என்றாள். சரியான விடைதான், நானும் தலையாட்டினேன். அவன் விடவில்லை. "மாத்துனா ரிப்பேர் வேணாம்னு ஆயிடும். ரிப்பேரத்தான் காட்டணும்."

அந்த ஒரே ஒரு காட்சியை அவனே எழுதினான். ஒன்றரைப் பக்கம். கரும்பு ஏற்றும் டிராக்டர் வயலோரம் நின்றுபோகும்போது மெக்கானிக் வரும்வரை கூடவே உட்கார்ந்து பார்த்த பையன் அவன். தண்டர்பேர்ட் 2இன் அடியில் ஒருவன் படுத்திருக்கிறான், பாதி உடம்பு வெளியே தெரிகிறது, கை மட்டும் நீண்டு ஸ்பேனர் கேட்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் 12, 14 என்று எண் பார்த்து எடுத்துக் கொடுக்கிறான். அதற்குள் அழைப்பு மணி அடிக்கிறது. வண்டி தயாரில்லை. மேலே எல்லோரும் பதறுகிறார்கள். அடியில் படுத்திருப்பவன் பதறவில்லை, "இன்னும் ரெண்டு போல்ட்டு" என்கிறான். அங்கே காட்சி முடிகிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையை எடுத்து 19 பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்தான், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மற்ற குழுக்கள் படித்துக்காட்டியபோது அவன் குழு, "எங்களோடது முடியலைங்க ஐயா" என்றது. அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் அவனிடம் கேட்டு வாங்கி, நானே வகுப்பில் வாசித்தேன். "இன்னும் ரெண்டு போல்ட்டு" வந்த இடத்தில் கைதட்டல். அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். பிழைகளைப் பத்து நாள் கழித்து, அவனே படியெடுத்தபோது இருவரும் உட்கார்ந்து திருத்தினோம்.

இந்த வேலைக்கு நான்கு பாடவேளைகள் ஆயின. இது பாடப்புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், கேட்கத்தான் செய்வார்கள். கடிதம், கட்டுரை, உரையாடல் எழுதுதல் எல்லாம் மொழிப்பயிற்சியில் இருக்கின்றன. உரையாடலுக்குரிய மதிப்பெண்ணை இதற்குப் போட்டேன், ஏடுகளைக் காட்டினேன். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பாட்டிக் கதைகளை வைத்தே செய்யலாம். முதல் கதையில் கிணற்றில் விழுந்த சிங்கம் அடுத்த கதையில் எப்படி உயிரோடு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

பொங்கல் கழிந்து அவன் குடும்பம் வழக்கம்போல் புறப்பட்டது. நிறுத்த என்னால் முடியவில்லை. தலைமையாசிரியரோடு வீட்டுக்குப் போய்ப் பேசினோம், முன்பணம் வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நான்கு அட்டைகளையும் ஒரு 40 பக்க நோட்டையும் கொடுத்தனுப்பினேன். வகுப்பில் ஒரு குழு, அவன் இல்லாத நாட்களில் நடந்த பாடத்தை வாரத்துக்கு ஒரு பக்கமாக எழுதிவந்தது. அதற்கு இணைப்புக் காட்சி என்று அவர்களே பெயர் வைத்தார்கள். அவன் திரும்பி வந்தபோது அதில் 11 பக்கங்கள் இருந்தன. சூத்திரங்கள் வந்த இரண்டு பக்கங்கள் புரியவில்லை என்றான். கணக்கு ஆசிரியர் மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவன் கொண்டுவந்த நோட்டில் 3 பக்கங்கள் எழுதியிருந்தன, மீதியில் அவன் தங்கை கோலம் போட்டிருந்தாள்.

அட்டைகள் 12ஐயும் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுவோர் தேநீர் இடைவேளையில் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். எட்டாவது அட்டையின் ஓரம் கிழிந்திருக்கும், அதைக் கவனமாகக் கையாளுங்கள்.