வீடு கட்டும்முன் மண்ணைப் பாருங்கள்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சித்திரை மாசம் ராத்திரி பத்து மணிக்கும் காரை வீட்டுக்குள் படுக்க முடியாமல் பாயைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வருகிறோமே, ஏன்? பகலெல்லாம் கான்கிரீட் தளம் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். இருட்டினதும் அந்தச் சூட்டை வீட்டுக்குள்ளே இறக்கும். கூரை வீட்டில் மழைக்கும் தீக்கும் பயந்தோம். காரை வீட்டில் புழுக்கத்தோடு மல்லுக்கட்டுகிறோம்.

2024-ல் அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதுக்கு மேலே ஆகும் செலவுக்குக் குழுவில் கடன் கேட்கிறோம். கடன் வாங்கிக் கட்டுகிற வீடு எப்படி இருக்கணும் என்பதை நாமும் பேச வேண்டாமா?

பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அரசு ஆராய்ச்சி நிறுவனம். அங்கே 1974-ல் கிராமத்து மக்களுக்காகவே 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கினார்கள். புகை குறைவாக வரும் அஸ்த்ரா அடுப்பு அவர்கள் செய்ததுதான். அவர்களே மண்கல்லையும் ஆராய்ந்தார்கள். மண்ணைச் சலித்து, மணல் சேர்த்து, நூற்றுக்கு ஏழு பங்கு போல சிமெண்ட் கலந்து, கையால் அழுத்தும் எந்திரத்தில் கல் அறுக்க வேண்டும். கரண்டும் வேண்டாம், சூளையும் வேண்டாம். நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லிலும் இந்த வேலைக்குப் பயிற்சி தருகிறார்கள்.

சிமெண்டைப் பற்றி அரியலூர்க்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்தால்தான் அது சிமெண்ட் ஆகிறது. அதுக்கு எரிக்கிற நிலக்கரியிலிருந்தும் புகை, வேகிற கல்லிலிருந்தும் கரியமில வாயு. சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய பொருள் அது.

ஆனால் ஒன்று. பருத்தி விளைகிற நம்ம கரிசலில் இந்தக் கல் சரியாக வராது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மணல் கலந்த செம்மண்தான் தோது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும், களி மேலே நிற்கும். களி அதிகமானால் மணல் சேர்க்கணும். இது முதல் பார்வைக்குத்தான். கல்லை அழுத்திப் பார்த்துப் பலம் சோதிக்காமல் சுவர் எழுப்பக் கூடாது. கொத்தனார் "மண்ணுக்கல்லா?" என்று சிரிப்பார், சிரிக்கட்டும்.

அறுத்த கல்லை மூணு, நாலு வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கிற வேலை எப்படியும் பெண்கள் தலையில்தான் விழும். அந்தக் கூலியையும் கணக்கு நோட்டில் எழுதுங்கள்.

ஏற்கெனவே காரை வீடு கட்டினவர்கள் பங்குனிக்குள் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சூடு குறையும். மழையில் கரையும், அதனால் வருஷா வருஷம் அடிக்கணும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் அவரவர் ஊர் மண் ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள். எந்த ஊர் மண் என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.