அறிந்த பூர்வகதையும் புதிய படமும்



வீரன் ஒருவனுடைய கதையை எங்கே தொடங்குவது என்பது மிகப் பழைய வினா. அவன் பிறந்த நாளிலிருந்தா, வீரனாக மாறிய நாளிலிருந்தா, அல்லது ஒரு பெரும் செயலின் நடுவில் அவன் நிற்கும்போதா? சென்ற கால் நூற்றாண்டாக அமெரிக்கத் திரைப்படக் கம்பெனிகள் இவ்வினாவுக்குப் பலவாறு விடை கூறி வருகின்றன. சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் முதலிய மீமனித வீரர்களின் படங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, முன்பு வந்தவற்றை ஒதுக்கிவிட்டு, புதிய நடிகரையும் புதிய இயக்குநரையும் கொண்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்கும்போதெல்லாம் ஓர் இடர் எழுகிறது. வீரனின் பூர்வகதை எல்லோருக்கும் தெரியும். அதனை மீண்டும் சொல்வதா, விட்டுவிடுவதா, மாற்றுவதா என்பதே அவ்விடர். அதனைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இது சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு அன்றோ, இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமோ என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். 35 ஆண்டுகள் வகுப்பறையில் கழித்தவன் நான். பிள்ளைகள் பாடப்புத்தகத்துக் கதைகளை மறந்துவிடுகிறார்கள். தாமே விரும்பிப் பார்த்த கதைகளை மறப்பதில்லை. ஆகவே அக்கதைகள் எவ்வாறு சொல்லப்படுகின்றன என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

இவ்விடர் அமெரிக்கர்களுக்குப் புதிதாக வந்ததும் அன்று. பழைய கிரேக்க நாட்டில் நாடகம் காண வந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். தந்தையைக் கொன்ற தாயைப் பழிவாங்க ஓரஸ்டீஸ் ஊர் திரும்புவதும், அவனை அவன் தமக்கை எலெக்ட்ரா அடையாளம் கண்டுகொள்வதும் நாடறிந்த செய்திகள். ஈஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூவரும் அதனையே நாடகமாக்கினர். ஈஸ்கிலஸின் நாடகத்தில் கல்லறையில் வைத்த தலைமயிரும் காலடிச் சுவடும் தம்பியைக் காட்டிக்கொடுக்கின்றன. சோபோக்ளிஸ் ஒரு முத்திரை மோதிரத்தைக் கொண்டுவருகிறார். யூரிப்பிடிஸோ, மயிரையும் சுவட்டையும் கொண்டு ஆளை அறிய முடியுமா என்று எலெக்ட்ராவின் வாயாலேயே ஏளனம் செய்வித்து, பின்பு ஒரு தழும்பினால் அறியவைக்கிறார். முன்னோரைச் சற்றே கேலி செய்யும் இக்குறும்பு அக்காலத்திலேயே இருந்திருக்கிறது. வழிவழி வந்த கதையின் அடிப்படையைக் குலைத்தலாகாது, அதனைக் கையாளும் திறமே கவிஞனுடையது என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. தாய் மகன் கையால் மடிந்தே தீர வேண்டும். அடையாளம் மோதிரமா, தழும்பா என்பது ஆசிரியர் விருப்பம்.

அங்ஙனமாயின், மீமனித வீரனின் பூர்வகதையில் அடிப்படை எது, மோதிரமும் தழும்பும் எவை? ஸ்பைடர்மேன் கதையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

1962-ஆம் ஆண்டில் ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ படம் வரைய, 'அமேசிங் ஃபேண்டஸி' என்னும் இதழின் 15-ஆம் எண்ணில் அக்கதை வெளிவந்தது. பதினொரு பக்கமே உள்ள சிறுகதை. பீட்டர் பார்க்கர் பெற்றோர் இல்லாத பள்ளி மாணவன். பெரியப்பா பென், பெரியம்மா மே ஆகியோரின் வீட்டில் வளர்கிறான். கதிரியக்கம் ஏறிய சிலந்தி ஒன்று கடித்ததால் அவனுக்கு அரிய ஆற்றல் வருகிறது. வந்ததும் அவன் என்ன செய்கிறான்? ஊரைக் காக்கப் புறப்படவில்லை. தொலைக்காட்சியில் வித்தை காட்டிப் பணம் ஈட்டப் போகிறான். அங்கே ஒரு திருடன் ஓடிவருகிறான், காவலர் துரத்திவருகிறார். காலை நீட்டினாலே போதும், திருடன் விழுந்திருப்பான். அது என் வேலையன்று என்று பீட்டர் விட்டுவிடுகிறான். சில நாள் கழித்து அவனுடைய பெரியப்பா கொல்லப்படுகிறார். கொலைகாரனை விரட்டிப் பிடித்து முகத்தைப் பார்த்தால், அன்று தான் தப்பவிட்ட அதே திருடன்.

இக்கதையின் உயிர்நிலை சிலந்தியில் இல்லை. பெரியப்பாவின் இறப்பிலும் கூட இல்லை. தடுக்க முடிந்தவன் தடுக்கவில்லை என்பதில் இருக்கிறது. ஆற்றல் தற்செயலாக வந்தது. கடமை குற்றவுணர்விலிருந்து பிறந்தது. இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால், எஞ்சுவது சுவரேறும் வித்தை மட்டுமே.

2002-இல் சாம் ரெய்மி இக்கதையைப் பெரிய படமாக எடுத்தபோது பூர்வகதை முழுவதையும் நிதானமாகச் சொன்னார். அத்துடன் ஒரு சிறு மாற்றமும் செய்தார். குத்துச்சண்டை போன்றதொரு மல்யுத்தப் பந்தயத்தில் வென்ற பீட்டருக்கு 3000 டாலருக்குப் பதிலாக 100 டாலர் மட்டும் கொடுத்து, பந்தயம் நடத்துபவன் ஏமாற்றுகிறான். உடனே அந்த ஏமாற்றுக்காரனையே ஒருவன் கொள்ளையடித்துக்கொண்டு ஓடுகிறான். பீட்டர் வழிவிட்டு நிற்கிறான். ஏனென்று கேட்டவனுக்கு, அவன் சற்று முன் தனக்குச் சொன்ன விடையையே திருப்பிச் சொல்கிறான். அரங்கில் இருப்பவர்கள் நன்றாக வேண்டும் என்று மகிழ்கிறார்கள். அதுதான் அம்மாற்றத்தின் நுட்பம். அடுத்த சில நிமிடங்களில் பென் நடைபாதையில் குருதி வழியக் கிடக்கும்போது, மகிழ்ந்தவர்களுக்கும் அப்பழியில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. தெரிந்த கதையை மீண்டும் சொல்லும்போது மாற்றம் செய்வதாயின் இவ்வாறு செய்ய வேண்டும்: முடிச்சை இறுக்குகின்ற மாற்றம்.

வருந்தத்தக்கது யாதெனில், அதே ரெய்மி 2007-இல் எடுத்த மூன்றாம் படத்தில் தாம் இறுக்கிய முடிச்சைத் தாமே தளர்த்தினார். பென்னைச் சுட்டவன் அத்திருடன் அல்லன், வேறொருவன் என்று அப்படம் கூறுகிறது. திருடன் வந்த பதற்றத்தில் துப்பாக்கி வெடித்தது என்று ஒரு தொடர்பை வைத்திருந்தாலும், கதை பழைய கூர்மையை இழந்தது.

அதன்பின் ஐந்தே ஆண்டுகளில், 2012-இல், மார்க் வெப் இயக்கத்தில் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கின. சிலந்தி மீண்டும் கடித்தது. பென் மீண்டும் இறந்தார். இப்போதுதானே பார்த்தோம் என்று பலர் சலித்துக்கொண்டனர். அச்சலிப்பு முழுவதும் நியாயம் என்று நான் கருதவில்லை. 2002-இல் பிறந்த குழந்தைக்கு 2012-இல் வயது பத்து. அதற்கு அது முதற்கதை. என் மனக்குறை வேறு. அப்படமும் அதன் பின் 2014-இல் வந்த படமும் பீட்டருடைய தந்தையின் இரகசியம் ஒன்றைப் புகுத்தின. தந்தை ஓர் ஆராய்ச்சியாளர். அச்சிலந்திகளில் தம்முடைய மரபணுவையே சேர்த்திருந்தார். ஆதலால் அவர் மகனுக்கு மட்டுமே அந்த ஆற்றல் வாய்க்கும் என்பது அவ்விரகசியம். பென்னைக் கொன்றவனைத் தேடும் கதையோ பாதியில் கைவிடப்பட்டு, அவன் இறுதிவரை அகப்படவில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். யாரையும் கடித்திருக்கக்கூடிய சிலந்தி, இப்போது ஒரு குலத்துப் பிள்ளையை மட்டும் தேடிக் கடிக்கிறது. குற்றவுணர்வினால் வந்த கடமை போய், பிறப்பினால் வந்த தகுதி அவ்விடத்தில் அமர்ந்துவிடுகிறது. கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு, தன்னையும் ஒருநாள் சிலந்தி கடிக்கக்கூடும் என்று எண்ணி வந்த பையனிடம், உன் தந்தை யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது போன்றது இது. பூர்வகதையில் செய்யத்தகாத மாற்றம் ஒன்று உண்டானால், அது இதுவே என்பேன்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஹெர்பார்ட் என்னும் ஜெர்மானிய அறிஞரின் வழிவந்த பாடப் படிகளைக் கற்பித்தார்கள். புதுப் பாடம் தொடங்குமுன் மாணவனுடைய முன்னறிவைத் தூண்ட வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. நேற்றைய பாடத்தை முழுவதும் திரும்ப நடத்துவது தூண்டுதல் ஆகாது, வகுப்பு உறங்கிவிடும். முன்னறிவைத் தொடாமலே புதுப் பாடத்துக்குத் தாவினாலோ, நேற்று வராத மாணவன் விழிப்பான். நல்ல ஆசிரியர் இரண்டு மூன்று வினாக்களால் வேலையை முடிப்பார். அவற்றுக்கு விடை சொல்பவன் நினைவுகூர்வான். சொல்லத் தெரியாதவன் கேட்டு அறிந்துகொள்வான்.

2018-இல் வந்த 'இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' என்னும் சித்திரப் படம் இந்த உத்தியை மிக அழகாகக் கையாண்டது. பல உலகங்களின் ஸ்பைடர்மேன்கள் அதில் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பூர்வகதையைச் சில நொடிகளில் ஒப்பிக்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒப்பிப்பதே நகைச்சுவையாகிவிடுகிறது. ஆனால் புதியவனான மைல்ஸ் மொராலிஸ் என்னும் புரூக்ளின் நகரத்துப் பையனுக்கு மட்டும் நகைச்சுவை இல்லை. அவன் உயிராக மதித்த சிற்றப்பாவே தீயோர் கூட்டத்தில் ஒருவர் என்று அவன் அறிவதும், அவர் அவன் கண்முன் இறப்பதும் முழுமையாகக் காட்டப்படுகின்றன. பழையது சுருங்கிற்று; புதியது விரிந்தது. சித்திரப் படத்துக்குரிய ஆஸ்கார் பரிசு 2019-இல் அதற்குக் கிடைத்தது.

பூர்வகதையை அறவே விட்டவர்களும் உண்டு. டாம் ஹாலண்ட் நடிக்க, ஜான் வாட்ஸ் இயக்கிய 2017-ஆம் ஆண்டுப் படத்தில் சிலந்தி கடித்த செய்தி நண்பனோடு பேசும் பேச்சில் ஓரிரு சொற்களில் போய்விடுகிறது. பென் என்னும் பெயரே வரவில்லை. முதலில் எனக்கு இது நிம்மதியாகவே இருந்தது. ஆனால் ஒழிந்த இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது. டோனி ஸ்டார்க் என்னும் செல்வரின் பாராட்டைப் பெறத் துடிக்கும் பிள்ளையாகப் பீட்டர் ஆகிவிட்டான். இவன் ஏன் இப்பணியைச் செய்கிறான் என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. இதனை அவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். 2021-இல் மூன்றாம் படத்தில் பெரியம்மா மே இறக்கிறார். பொறுப்பைப் பற்றிய பழைய அறிவுரை அவர் வாயிலிருந்து வருகிறது. படத்தின் முடிவில் உலகமே அவனை மறந்துவிட, வாடகை அறையில் தன் உடையைத் தானே தைத்துக்கொண்டு தனியே நிற்கிறான். தொடக்கத்தில் விடுபட்ட பூர்வகதை, மூன்று படங்கள் கழிந்து, முடிவில் வந்து சேர்ந்தது. காலம் தாழ்ந்தாலும் வந்தது நன்றே.

பேட்மேன் கதையில் இடர் வேறு வகையானது. 1939-இல் பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகியோர் படைத்த அவ்வீரனின் பூர்வகதை, அவ்வாண்டின் இறுதியில் இரண்டே பக்கங்களில் சொல்லப்பட்டது. கொன்றவன் பெயரற்ற தெருத்திருடன். 1989-இல் டிம் பர்ட்டன் அக்கொலையை ஜோக்கரின் தலையில் வைத்தார். எதிரி ஒருவனே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், அவன் மாண்டபின் வீரனுக்கு என்ன வேலை? 2005-இல் கிறிஸ்டோபர் நோலன் செய்தது இதனினும் சிறந்தது. இசைநாடக அரங்கில் அச்சமுற்ற சிறுவன் வெளியே போகலாம் என்று கேட்டதால்தான் பெற்றோர் அந்தச் சந்துக்கு வந்தனர் என்று அமைத்து, பிள்ளையின் நெஞ்சில் ஒரு முள்ளை வைத்தார். 2016-இல் அக்கொலை மீண்டும் எழுத்துகளோடு காட்டப்பட்டு, முத்துமாலை மீண்டும் அறுந்து சிதறியது. 2022-இல் மேட் ரீவ்ஸ் அதனைக் காட்டவே இல்லை. நகரத் தலைவர் கொல்லப்பட்ட வீட்டில் அவருடைய சிறுமகன் அமர்ந்திருக்கிறான். முகமூடி அணிந்தவர் அவனை ஒரு கணம் உற்று நோக்குகிறார். அறிந்தவனுக்கு அப்பார்வையே போதும். அறியாத பிள்ளையும், இவருக்கும் இப்படி ஏதோ நேர்ந்திருக்கிறது என்று கண்டுகொள்வான்.

சூப்பர்மேன் கதையோ 1938-இலேயே முதற்பக்கத்தில் அழிந்த உலகத்தோடு தொடங்கியது. 1978-இலும் 2013-இலும் அவ்வுலகத்தின் அழிவை நீளக் காட்டினார்கள். 2025-இல் ஜேம்ஸ் கன் சில வரி எழுத்துகளால் அதனைக் கடந்து, தோற்றுப்போய்ப் பனியில் விழும் சூப்பர்மேனிடமிருந்து படத்தைத் தொடங்கினார். ஆனால் பூர்வகதையை அவர் விட்டுவிடவில்லை. பெற்றோர் அனுப்பிய செய்தியின் சிதைந்த பிற்பகுதி படத்தின் நடுவில் வெளிப்படுகிறது. இவ்வுலகை ஆள்க என்று அதில் அவர்கள் மகனுக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். பல்லாண்டு அன்பர்கள் சிலர் இதனை ஏற்கவில்லை. அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. எனினும், மரபணுவினால் தகுதி தந்த படத்துக்கு நேர் எதிரான வழியில் இது செல்கிறது. படத்தின் தொடக்கத்தில் காயத்தோடு தன் மாளிகைக்கு வரும் அவனுக்கு, ஆறுதலாகப் பெற்றோரின் செய்தியைப் பணிசெய்யும் இயந்திரங்கள் போட்டுக் காட்டுகின்றன. இறுதியிலும் அதே மாளிகை, அதே காயம். இம்முறை திரையில் ஓடுவது கான்சாஸ் மாநிலத்துக் குடியானவர்களான கென்ட் தம்பதியர் ஒரு சிறுவனைக் கொஞ்சி வளர்க்கும் வீட்டுப் படங்கள்.