பட்டா இல்லாத தண்ணீர்



நினைவுப் பேருரை மேடையில் மறைந்தவரின் பெருமையை மட்டும் பேசிக் கலைந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வியை நாமும் கேட்க வேண்டும். பாலாறு கெட்டபோது யாருடைய இழப்பு கணக்கில் ஏறியது? யாருடையது ஏறவே இல்லை?

ஊர்க் கிணற்றில் எங்கள் பாட்டிமார் குடம் இறக்க முடியாது. யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க விரும்பாதவர்களுக்குப் பாலாறு இருந்தது. ஆண்டில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் ஆறு அது. ஆனால் மணலுக்கடியில் நீர் ஓடும். கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பலாம். அந்த ஊற்றுக்குக் காவல் கிடையாது, பட்டாவும் கிடையாது. சேரிக்கு யாரிடமும் கையேந்தாமல் கிடைத்த தண்ணீர் அதுதான்.

அந்தத் தண்ணீர் தானாகக் கெடவில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு தோல் பதனிட்ட காலத்திலும் நாற்றமும் கழிவும் இருந்தன. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் போகட்டும், டாலர் வரட்டும் என்றது. குரோமியப் பதனீடு பெருகியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பின்னாளில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது. உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம் கலந்து வெளியேறிய அந்தத் தண்ணீர் ஓடைகள் வழியாக ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் போனது. ஆம்பூரில் தைத்த காலணி ஐரோப்பாவுக்குப் போனது; அதன் கழிவு எங்கள் ஊற்றில் தங்கியது.

வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் யாரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்பட்டது? தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று வேலூர் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் விதித்தது. 547 தோல் தொழிற்சாலைகள் அதைக் கட்ட வேண்டும். இழப்பை அளந்தது பெரும்பாலும் விளைநிலத்தையும் பாசனக் கிணற்றையும் வைத்துத்தான். நிலம் வைத்திருந்தவருக்குச் சேர வேண்டிய நியாயம் அது. ஆனால் நிலமே இல்லாதவன் எதைக் காட்டுவான்? சர்வே எண் இல்லாத ஊற்றுக்கு எந்தத் தாசில்தார் சான்று தருவார்? தொட்டியில் இறங்கித் தோல் மிதித்தவனின் வெந்த கால் எந்தப் பட்டாவில் இருக்கிறது?

பொது சுகாதாரத்திலும் இதே ஓட்டைதான். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பது நாம் சிறுவயது முதல் கேட்ட அறிவுரை. காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது சரியான மருந்து. ஆனால் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய உப்பும் குரோமியமும் கெட்டிப்படும். இந்திய குடிநீர்த் தர நிர்ணயத்தில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராம். இந்த எண்கள் நம் தெருக் குழாயில் எவ்வளவு என்று எந்தப் பலகையிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா? இன்று மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு அடுத்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறோம். அது வராத நாளில் கேன் வாங்குகிறோம். மாசுபடுத்தியவர் கட்ட வேண்டிய காசைக் கூலிக்காரி தன் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கட்டுகிறாள்.

2015ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அதே ஆண்டு மே 1 முதல், தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தப் பொருளை விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அணிபவரின் தோலில் ஒவ்வாமை வரக் கூடாதல்லவா? நல்ல விதிதான். தொழிற்சாலைகளும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து, சான்று வாங்கி ஏற்றின. ஆக, அளக்கக் கருவி இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, விதிக்குப் பணியவும் தெரிகிறது. வாங்குபவரின் காலுக்குக் கிடைத்த அந்த அக்கறை, செய்தவனின் காலுக்கும் அவன் வீட்டுக் குடத்துக்கும் மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சௌதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அங்கே தண்ணீர் இருந்தது, தொட விடவில்லை. இங்கே ஆற்றைத் தொட யாரும் தடுப்பதில்லை, குடிக்கத்தான் முடியாது. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமை என்று அறிவித்தது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. அந்த உரிமைக்குப் பட்டா தேவையில்லை. நம் வழக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பேசியிருக்கிறது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கவும், மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் சொன்னது. முதல் மனு போட்டு அதற்குள் 34 ஆண்டு ஓடிவிட்டது. அந்தக் குழுவின் முன் இந்த முறையும் பட்டா மட்டுமே போய் நிற்கக் கூடாது.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் காலனியில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாக்களிடம் உட்காருங்கள். எந்த ஊற்றில், எந்தக் கிணற்றில், எந்த ஆண்டுவரை தண்ணீர் எடுத்தார்கள், எப்போது உப்புக் கரித்தது என்று கேட்டு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தண்ணீர் ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். கிடைத்ததைத் தமிழில் எழுதித் தெருவில் ஒட்டுங்கள். தோல் வேலை செய்தவர்களின் தோல் நோயும் மூச்சுத் திணறலும் எந்த ஆண்டு தொடங்கின என்று பதியுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் கதையாகவும் எழுதுங்கள். ஆனால் முதலில் சாட்சியமாக எழுதுங்கள்.

ஊற்றுக்கு ஆவணம் இல்லை என்கிறார்கள். அதில் குடம் நிரப்பியவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுவோம்.